செண்பகவல்லிக்கு மஞ்சள் ரிப்பன்

செப்டம்பர் 14, ஞாயிறு. மட்ஜி

காற்று இல்லை. குளிர் உண்டு. ஊர்க் கண்காட்சி நடக்கும் ஷோகிரவுண்ட் புல்தரையில் கூடாரம் அடித்தாயிற்று. ஓய்வு பெறும்வரை சிட்னியில் நகராட்சிக் கவுன்சிலில் கட்டட ஆய்வாளனாக இருந்து, ஊரார் கட்டிய வீட்டிலெல்லாம் குறை கண்டுபிடித்தவன் நான். நான் அடித்த கூடாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. பக்கத்துக் கூடாரத்துப் பெரியவர் எழுந்து வந்தார். ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு முளைகளைப் பிடுங்கி மாற்றி அடித்துவிட்டுப் போனார். பெயர் மெர்வ். ஆட்டுப்பண்ணைக்காரர். எழுபது வயது இருக்கும், கை இரண்டும் முறம்.

நாளை காலை சைக்கிள்கள் புறப்படுகின்றன. இங்கிருந்து லைட்னிங் ரிட்ஜ் வரை, சிட்னிக்காரர்கள் காரில் போகவே யோசிக்கும் தூரம். நாட்டுப்புற ஊர்களில் இருக்கும் புற்றுநோய்க்காரர்களைச் சிட்னி ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்து போக வண்டி வாங்குவதற்காக இந்த நிதிப் பயணம். அறுபது பேர் போல வந்திருக்கிறோம். தமிழன் நான் ஒருவன்தான். கோமதிநாயகம் என்று சொன்னேன். பதிவு மேஜையில் இருந்த பெவர்லி அம்மாள் மூன்று முறை முயற்சி செய்துவிட்டு, "கோமோ, சரியா?" என்றாள். சரி என்றேன்.

ஒவ்வொருவரும் முதுகில் ஓர் அட்டை குத்திக்கொள்ள வேண்டும். யாருக்காக ஓட்டுகிறோமோ அவர் பெயர் அதில் இருக்கும். நான் 'செண்பகவல்லி' என்று எழுத ஆரம்பித்து, இடம் போதாமல் 'செண்பா' என்று ஆங்கிலத்தில் முடித்தேன். அட்டைக்குப் பக்கத்தில் குத்த ஒரு ரிப்பன். பெட்டியில் மஞ்சளும் வெள்ளையும் இருந்தன. எதற்கு எது என்று பெவர்லி மைக்கில் விளக்கினாள். மைக் வீல் என்று கத்தியதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்கவும் கூச்சம். ஆனால் இதில் கேட்க என்ன இருக்கிறது? கட்டின பெண்டாட்டி பெயருக்குப் பக்கத்தில் எவனாவது வெள்ளையைக் குத்துவானா? மஞ்சளை எடுத்துக்கொண்டேன்.

செண்பகவல்லி கோவில்பட்டியில் தம்பி வீட்டில் இருக்கிறாள். வைத்தியமெல்லாம் முடிந்து, கொட்டின முடி திரும்ப வளர்ந்ததும், இரண்டு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனாள். அது போன வருடம் ஆடியில். சிட்னிக் குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. வேறு ஒன்றும் இல்லை.

அவள் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறாள். விசாவில் வந்துபோகும் அனுமதி இந்த மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. அதற்குள் வந்து இறங்கிவிட்டால் ஒரு தொந்தரவும் இல்லை. தவறினால் புதிதாக மனுப் போட்டு, இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று காரணம் எழுத வேண்டும். அந்தக் காரணத்தை யார் எழுதுவது?

இந்தச் சைக்கிள் பயணத்தின் விளம்பரத்தை ஆஸ்பத்திரிச் சுவரில் பார்த்துவிட்டு வந்து சொன்னவளே அவள்தான். "இதுல ஒருக்கா போய்ட்டு வாங்களேன், தொந்தியாவது கரையும்" என்றாள். அதனால்தான் வந்திருக்கிறேன். இதைப் பார்த்தாவது மனம் மாறி வருவாள். சைக்கிளோடு நிற்கும் படத்தை அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று நீலக்குறி காட்டுகிறது. பதில் இல்லை.

செப்டம்பர் 15, திங்கள். டுனிடூ

காற்று பக்கவாட்டில். உட்கார முடியவில்லை. பஞ்சு வைத்த கால்சட்டை போட்டால் வலிக்காது என்று கடைக்காரன் சொன்னான். அவன் சைக்கிளே ஓட்டியிருக்க மாட்டான்.

வழி நெடுக கனோலா பூத்துக் கிடக்கிறது. எண்ணெய்க்காகப் போடும் கடுகு மாதிரிச் செடி. இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய வரைக்கும் மஞ்சள். ஓர் இடத்தில் இறங்கி நின்று படம் எடுத்து அனுப்பினேன். நீலக்குறி.

இந்த ஊர்க்காரர்களின் அன்பு எனக்குப் பிடிபடவில்லை. ஏற்றத்தில் என்னைத் தாண்டிப் போனவர்கள் எல்லாம் வேகத்தைக் குறைத்து முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். டீ நிறுத்தத்தில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "செண்பாவைப் பத்தி ரொம்ப வருத்தப்படுறேன்" என்றாள். உடம்பு சரியில்லாமல் இருந்ததைச் சொல்கிறாளாக்கும் என்று, "பரவாயில்லை, இப்ப நல்லா இருக்கா" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. "ஆமா, நிச்சயமா நல்ல இடத்துலதான் இருப்பா" என்றாள். கோவில்பட்டியை இவ்வளவு உயர்வாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இரவுச் சாப்பாட்டில் எல்லாம் தெளிந்தது. நான் சைவம் என்பதால் ரொட்டிக்கு நடுவே பீட்ரூட்டை வைத்துக் கொடுத்திருந்தார்கள். பெவர்லி எழுந்து, "நாளைக்கு மஞ்சள் ரிப்பன்காரங்க முன்னால புறப்படட்டும், நம்மை விட்டுப் போனவங்களுக்காக. வெள்ளை ரிப்பன்காரங்க பின்னால வாங்க, நம்மோட இருக்கிறவங்களுக்காக" என்றாள். இன்று மைக் கத்தவில்லை.

பீட்ரூட் தொண்டையில் நின்றுவிட்டது. எழுந்து சொல்லியிருக்க வேண்டும். அம்மா, எங்கள் ஊரில் மஞ்சள்தான் மங்கலம், என் பெண்டாட்டி உயிரோடு இருக்கிறாள் என்று இரண்டே வரி. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் உயிரோடு இருக்கிறாள் என்றால் அடுத்த கேள்வி, எங்கே என்பதுதான்.

நாளைக் காலை சொல்லிக்கொள்ளலாம்.

செப்டம்பர் 16, செவ்வாய். கில்காண்ட்ரா

சொல்லவில்லை. முன்வரிசையில் புறப்பட்டேன்.

மெர்வும் மஞ்சள்தான். அட்டையில் 'லோர்னா' என்று இருக்கிறது. இறந்து நான்கு வருடமாம். நாள் முழுக்க என் பக்கத்திலேயே, என் வேகத்துக்கே ஓட்டினார். என் வேகம் என்பது நடப்பதை விடக் கொஞ்சம் மேல். முன்னால் போங்கள் என்றேன். "முன்னால போய் என்ன பண்ணப் போறேன்?" என்றார்.

அவர் பண்ணை இந்த ஊருக்குப் பக்கத்தில்தான். மதியம் ஒரு யூகலிப்டஸ் நிழலில் வெங்காயம் வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தபோது அவரே பேச ஆரம்பித்தார். ஒவ்வொரு முறை மருந்து ஏற்றவும் லோர்னாவைச் சிட்னிக்குக் காரில் கூட்டிப்போவாராம். விடியும் முன் கிளம்பினால் மதியம் போய்ச் சேரலாம்.

"அங்க போய் என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்ய மாட்டேன். உக்காந்திருப்பேன்."

"நாள் பூராவா?"

"அவ நடுவுல கண்ணைத் திறந்து பார்ப்பா. அப்ப யாராவது இருக்கணும்ல? ஆட்டுக்காரனுக்கு வேற என்ன தெரியும்?" கையில் ஒட்டிய வெங்காயத்தைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "உனக்கு எவ்வளவு தூரம், கோமோ?"

"பக்கம்தான்" என்றேன்.

எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி மூன்றாவது ஸ்டேஷன். அதற்குக் கார் எதற்கு, பார்க்கிங் எதற்கு. ரயில் அடிக்கடி உண்டு. அவளே போய்வந்துவிடுவாள். அவள் ரயில் கார்டில் எந்த நேரமும் காசு இருக்கும்படி நான் பார்த்துக்கொண்டேன். ஒருநாள்கூடத் தீர்ந்துபோனதில்லை. மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றில் விரிசல் விழுந்து பெரிய விசாரணை நடந்துகொண்டிருந்த சமயம் அது. அதை விட்டுவிட்டு எங்கே போக முடியும்?

இதையெல்லாம் மெர்விடம் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 17, புதன். கூனாம்பில்

எதிர்க்காற்று. வழியில் குலார்கம்போன் என்ற ஊரில் சாலையோரம் தகரத்தில் செய்த காலா கிளிகள் பெரிது பெரிதாக நிற்கின்றன. நிஜக் கிளிகள் அவற்றின் மேல் உட்கார்ந்து எச்சமிடுகின்றன. படம் அனுப்பினேன்.

மாலை ஊர்ப் பெண்கள் சங்க மண்டபத்தில் விருந்து. கூரை உத்தரத்தில் கறையான். என் வேலை இல்லை என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஜாமும் க்ரீமும் வைத்த ஸ்கோன் ரொட்டி கொடுத்தார்கள். பிறகு மஞ்சள்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து பெயர் சொல்ல, சபை ஒரு நிமிடம் மௌனமாக நின்றது. இது இந்தப் பயணத்தின் வழக்கமாம், ஒவ்வொரு வருடமும் இந்த மண்டபத்தில்தான்.

என் முறை வந்தது. செண்பகவல்லி என்று முழுப்பெயரைச் சொன்னேன். மண்டபமே எழுந்து நின்றது. கைக்குழந்தைக்காரியும் எழுந்தாள், ஊன்றுகோல் கிழவரும் எழுந்தார். அவளை ஜென்மத்திலும் பார்த்திராத நூறு பேர் அவளுக்காகத் தலை குனிந்து நிற்கிறார்கள். அவள் நின்ற இடம் எல்லாம் ஞாபகம் வந்தது. தலையில் கம்பளித் தொப்பியோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்பாள். "வாரேன்" என்பாள். நான் "ம்" என்பேன்.

அழுதேன். சும்மா கண் கசிந்தது இல்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வர, மூக்கு ஒழுக அழுதேன். மெர்வ் தோளில் கை போட்டுக்கொண்டு அவரும் அழுதார். யாரோ படம் எடுத்தார்கள்.

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. எதிர்க்காற்றில் ஓட்டிய அசதியாக இருக்கும்.

செப்டம்பர் 18, வியாழன். கூனாம்பில், ஓய்வு நாள்

இரவில் போனை அணைத்துவிட்டேன். மதியம் துணி துவைத்துக் கொடியில் போட்டுவிட்டுப் போனைத் திறந்தால், அது நிற்காமல் அதிர்கிறது. பயணத்தின் முகநூல் பக்கத்தில் என் அழுத படம். 'மறைந்த மனைவி செண்பாவின் நினைவாக கோமோ' என்று கீழே எழுதியிருந்தார்கள். சிட்னித் தமிழ்ச் சங்கத்தில் யாரோ அதைப் பார்த்து வாட்ஸ்அப் குழுவில் போட, சங்கச் செயலாளர் கோவில்பட்டிக்கே போன் செய்து, என் மச்சினன் சங்கரவேலிடம் துக்கம் விசாரித்திருக்கிறார். சங்கரவேல் அடித்துப் பிடித்து அடுப்படிக்கு ஓடிப் பார்த்தால், அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள்.

அவளே கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிட்டு எத்தனை மாதம் ஆகிறது.

"நான் செத்துட்டேனாம்லா?"

"ஏட்டி, அது ரிப்பன் கோளாறு. இங்க மஞ்சளுன்னா..." என்று ஆரம்பித்து எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு. அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வருகிற பழைய சிரிப்பு. நானும் சிரித்தேன். கொடியில் சொட்டும் துணிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, எல்லாம் சரியாகிவிட்டது, டிக்கெட் போட்டுவிடலாம் என்றே நினைத்துவிட்டேன்.

சிரிப்பு நின்றது. "போட்டோல அழுதுக்கிட்டு நிக்கிய. நெசமாவே அழுதியளா, இல்ல வெயிலா?"

"நெசந்தான்."

மிக்ஸி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"மொட்டத் தலையோட அந்த வீட்டுல எட்டு மாசம் கெடந்தேன். ஒரு சொட்டு வந்துச்சா உங்க கண்ணுல? வாந்தி எடுத்துட்டு வந்து பாத்தா, பேப்பரு பாத்துக்கிட்டு இருப்பிய. அழச் சொல்லல. ஏட்டி, எப்படிட்டி இருக்குன்னு ஒரு வார்த்த. செத்தாத்தான் அழுவியளோ?"

சார்ஜ் குறைவாக இருக்கிறது என்றேன். பாதிக்கு மேல் இருந்தது.

"சரி, வைக்கேன்."

"செண்பா, முப்பதாந்தேதி விசா..."

"நான் வரல. அன்னைக்கு எனக்குத் திருநவேலில செக்கப்பு. டாக்டரு அந்தத் தேதிதான் குடுத்திருக்காரு."

"கூட யாரு வாரா?"

"யாரு வருவா? பஸ்ஸுல போய்ட்டு வந்துருவேன். எனக்கென்ன, பழக்கந்தானே."

வைத்துவிட்டாள். துணி காய்ந்த பிறகும் எடுக்காமல் இருந்தேன்.

செப்டம்பர் 19, வெள்ளி. வால்கெட்

முதல் டீ நிறுத்தத்தில் மெர்விடம் சொல்லிவிட்டேன். செண்பகவல்லி சாகவில்லை, இந்தியாவில் இருக்கிறாள், நான் எடுத்த நிறம் தப்பு என்றேன். டீக்கோப்பையை மேஜையில் வைத்தார். என் முதுகை ஒரு முறை எட்டிப் பார்த்தார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"திங்கக்கிழமை ராத்திரி."

"அந்த மண்டபத்துல நான் உன்கூட அழுதேன்" என்றார். சத்தம் போடவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் இவ்வளவு வேகமாக ஓட்டுவார் என்று எனக்குத் தெரியாது. ஐந்து நிமிடத்தில் சின்னப் புள்ளியாகி, பிறகு அதுவும் இல்லை.

வால்கெட் வரை தனியாக ஓட்டினேன். சாலை ஒரு வளைவும் இல்லாமல் நேராகப் போகிறது. மரம் கிடையாது. செத்த கங்காரு ஒன்று, பிறகு வெகுதூரம் ஒன்றுமே இல்லை, பிறகு இன்னொன்று. மாடு ஏற்றிய லாரி கடந்து போனால் காற்று சைக்கிளோடு தூக்குகிறது. தண்ணீர் தீர்ந்தது. இத்தனை நாளும் பக்கத்தில் மெர்வின் மூச்சு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது என்று இன்றுதான் தெரிந்தது. பேசவேண்டும் என்றில்லை. பக்கத்தில் ஆள் இருந்தால் தூரம் குறைகிறது, இல்லாவிட்டால் கூடுகிறது. சொல்லி யாரையும் நம்பவைக்க முடியாது.

வீட்டிலிருந்து மூன்றாவது ஸ்டேஷன். அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

படம் ஒன்றும் அனுப்பவில்லை.

செப்டம்பர் 20, சனி. லைட்னிங் ரிட்ஜ்

வந்து சேர்ந்தேன். கடைசி ஆள் நான்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேளம் தட்டினார்கள். வழக்கப்படி மஞ்சள்காரர்கள் ரிப்பனை அவிழ்த்து ஒரு கம்பிவேலியில் கட்டினார்கள். போன வருடங்களின் ரிப்பன்கள் வெயிலில் வெளுத்து அங்கேயே தொங்குகின்றன. எல்லாம் வெள்ளையாகத்தான் இருந்தன.

நான் கட்டவில்லை. பெவர்லியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இந்த வேலியில வருஷா வருஷம் கட்டுறேன். இதுவரைக்கும் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல, கோமோ" என்றாள். என் மஞ்சளை வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். பெட்டியிலிருந்து வெள்ளை ரிப்பன் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "இதுக்கு ஒரு விதி இருக்கு. நீயே அவ கையில கட்டணும். தபால்ல அனுப்பக் கூடாது."

மெர்வ் வேலியோரம் நின்றிருந்தார். லோர்னாவின் ரிப்பனைக் கட்டி முடித்துவிட்டு அங்கேயே நின்றிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். மன்னிப்புக் கேட்க என்னென்னவோ வாக்கியம் சேர்த்து வைத்திருந்தேன்.

அவரே முந்திப் பேசினார். என்னைப் பார்க்காமல், வேலியைப் பார்த்துக்கொண்டு.

"உயிரோட இருக்காளா?"

"இருக்கா."

"அப்ப நீ இங்க என்னடா பண்ற?"

கை கொடுக்கவில்லை. தன் சைக்கிளைப் பண்ணையிலிருந்து வரவழைத்திருந்த டிரக்கில் ஏற்றிவிட்டு, என் சைக்கிளையும் தூக்கி ஏற்றினார். சிட்னி ரயில் கிடைக்கும் டப்போ ரயிலடி வரைக்கும் கொண்டுபோய் விட்டார்.

செப்டம்பர் 22

வீடு. வாசல் விளக்கு எரியவில்லை. அவளுடைய கம்பளித் தொப்பி செருப்பு அலமாரிக்கு மேல் இருக்கிறது. அங்கேயே இருந்திருக்கிறது.

டிக்கெட் போட்டேன், ஓர் ஆளுக்கு.

செப்டம்பர் 27, சனி. கோவில்பட்டி

வெயில். கதவைத் திறந்தது அவள்தான். முடி காதுவரை வளர்ந்து நரைத்திருக்கிறது. நன்றாக இருக்கிறது. அதைச் சொல்லவில்லை.

"வாங்க. சாப்ட்டாச்சா?" என்றாள், வந்தவர்கள் யாரிடமும் கேட்பது போல. சங்கரவேல்தான் பயந்துபோய் ஒரு நாற்காலிக்கு மூன்று நாற்காலி எடுத்துப்போட்டான். எனக்கு மாடியறையில் பாய் போட்டிருக்கிறார்கள். ரிப்பன் சட்டைப்பையில் இருக்கிறது.

செப்டம்பர் 29

வீட்டுக் கூரையின் முகட்டு வளையில் நீர்க்கசிவு. சொன்னேன். "அதுக்கா வந்திய?" என்றாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். கொத்தனார் நம்பர் கேட்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய். திருநெல்வேலி

காலையில் கீழே இறங்கி வந்தால் அவள் கிளம்பிப் போய்விட்டாள். ஆட்டோ பிடித்துப் பஸ் நிலையத்துக்கு ஓடினேன். அவள் ஏறிய பஸ்ஸிலேயே பின்படியில் தொற்றி ஏறிவிட்டேன். பெண்கள் பக்கம் ஜன்னலோரம் அவள். சாத்தூர்க்காரர் ஒருவர் கூடையோடு நடுவில் நின்றதால் என்னைப் பார்த்தாளா இல்லையா என்று தெரியவில்லை. இறங்கும்போது திரும்பாமலே, "நீங்க எதுக்கு? வேல இல்லியா?" என்றாள். பார்த்துத்தான் இருக்கிறாள்.

இல்லை என்றேன்.

இதை ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக ஆணியடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. அவள் ஒன்றில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்தாள். நான் அதற்கு அடுத்ததில் உட்கார்ந்தேன். எங்களுக்கு நடுவே பை. இரண்டு மணி நேரம் அப்படியே இருந்தோம். எதிர்ச்சுவரில் விரிசல் உண்டா, தெரியாது. பார்க்கவில்லை.

"ஏட்டி, எப்படிட்டி இருக்கு?" என்று கேட்டேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"பயமா இருக்கு" என்றாள். "ஒவ்வொரு தடவையும் பயமாத்தான் இருக்கும். அங்கயும் அப்படித்தான். ரயில்லயே அழுதுருவேன்."

ரிப்பனை எடுக்கக் கை போனது. அதற்குள் நர்ஸ் வந்து பெயரைக் கூப்பிட்டாள். செண்பகவல்லி என்று முழுதாக, ஓர் எழுத்து பிசகாமல். அவள் எழுந்து பையை எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போனாள். நின்றாள். திரும்பி வந்து பையை என் மடியில் வைத்தாள்.

"எங்கயும் போயிராதிய."

கதவு சாத்திக்கொண்டது. விசா இன்றோடு முடிகிறது, அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. உள்ளே என்ன சொல்வார்களோ தெரியாது. வெளியே வந்த பிறகு என்னைத் திரும்பப் போகச் சொல்வாளோ, அதுவும் தெரியாது. பக்கத்தில் இருந்தவர் டீ குடிக்கப் போகலாமா சார் என்று கூப்பிட்டார்.

வரவில்லை என்றேன். உட்கார்ந்திருக்கிறேன்.